பிரையனின் பேரன்கள்: ஓ'பிரையன் என்ற பெயர் வந்த வழி

2011 மார்ச் 2 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு கெவின் ஓ'பிரையனை மறந்திருக்காது. இங்கிலாந்து எடுத்த 327 ரன்னை அயர்லாந்து துரத்திப் பிடித்தது. ஓ'பிரையன் 50 பந்துகளில் சதம் அடித்தார். அதே அணியில் அவருடைய அண்ணன் நியல் ஓ'பிரையனும் ஆடினார். அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு மாநிலங்களவை உறுப்பினர் டெரெக் ஓ'பிரையனைத் தெரியும். கொல்கத்தாவைச் சேர்ந்த அவருடைய குடும்பத்துக்கும் ஓர் ஐரிஷ் மூதாதை உண்டு.

இந்தப் பெயரின் பூர்வீகம் அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்கு வயது ஏறக்குறைய ஆயிரம். ஐரோப்பாவில் தந்தைவழியாக வரும் நிலையான குடும்பப் பெயர் முதன்முதலில் வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. அந்த வகையில் ஓ'பிரையன் மிகப் பழைய குடும்பப் பெயர்களில் ஒன்று. ஆனால் அதன் வயதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பெயரை யார் எப்போது சூட்டிக்கொண்டார்கள், யாரை அதிலிருந்து கழித்துவிட்டார்கள், எப்போது அதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், எப்போது அதில் ஓர் எழுத்தை வெட்டினார்கள் என்று பின்தொடர்ந்து போனால், அயர்லாந்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதன் கதையே கிடைத்துவிடுகிறது.

பேரன் என்றால் பேரன்தான்

ஐரிஷ் பெயர்களின் முன்னால் வரும் 'மாக்' மகனைக் குறிக்கும். 'ஓ' பேரனைக் குறிக்கும். பிறகு அது வழித்தோன்றல் என்று விரிந்தது. பழைய ஐரிஷில் அதன் வடிவம் 'உவா'. ஆங்கில எழுத்தில் 'ஓ'வுக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறி போடுகிறார்களே, அது ஐரிஷ் மொழியில் கிடையாது. ஐரிஷில் 'ஓ'வின் தலைமேல் நெடிலைக் காட்டும் ஒரு சாய்கோடு உண்டு. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கையில் அந்தக் கோடு போய் இந்தக் குறி வந்துவிட்டது.

பெண்களுக்கு வடிவம் மாறும். ஓ'பிரையன் வீட்டு மகள் ஐரிஷில் 'நீ வ்ரீயன்'. அந்த வீட்டுக்கு வந்த மருமகள் 'ஈ வ்ரீயன்'. இன்றும் ஐரிஷ் வழியில் பெயரை எழுதும் பெண்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆங்கில ஆவணங்கள் இந்த வேறுபாட்டை மொத்தமாகத் துடைத்துவிட்டு எல்லோரையும் ஓ'பிரையன் ஆக்கிவிட்டன.

பத்தாம் நூற்றாண்டுக்கு முன் அயர்லாந்தில் குடும்பப் பெயர் பரம்பரையாக வரவில்லை. ஒருவர் இன்னாரின் மகன் என்று சொல்லப்படுவார்; அவருடைய மகனுக்கு அடையாளம் வேறாகிவிடும். இந்தப் பெயருக்கு மூலமான அரசர் பிரையனே 'கென்னேடிக்கின் மகன் பிரையன்' என்றுதான் அறியப்பட்டார். அவர் ஒருநாளும் ஓ'பிரையனாக இருந்ததில்லை.

நாட்டு மக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரையன்தான் ஆணையிட்டார் என்றொரு பழங்கதை உண்டு. பழைய வம்சாவளி நூல்களிலும் அது ஏறியிருக்கிறது. ஆனால் கால்வே பகுதியை ஆண்ட ஓ'கிளீரி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருடைய மரணத்தை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் 916-ஆம் ஆண்டில் குறித்திருக்கின்றன. பிரையன் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இப்படி ஒரு பெயர் எழுத்தில் வந்துவிட்டது. குடும்பப் பெயர் எந்த அரசனும் போட்ட உத்தரவால் வரவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆளும் குடும்பங்கள் தங்கள் தேவைக்காக அதைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தேவை என்ன என்பதற்குப் போகுமுன் பிரையனைப் பார்த்துவிடலாம்.

சின்னக் குடியிலிருந்து வந்தவர்

பிரையன் போரு பிறந்தது 941-ஐ ஒட்டி, இன்றைய கிளேர் மாவட்டத்தின் கில்லலூ பக்கத்தில். அவருடைய குடிக்கு தால் காஷ் என்று பெயர். தெற்கு அயர்லாந்தான மன்ஸ்டரில் அரசாளும் உரிமை நூற்றாண்டுகளாக யோகனாக்டா என்ற குலத்திடம் இருந்தது. அவர்களுடைய தலைநகரம் காஷெல், சமவெளிக்கு நடுவே எழும்பி நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை. தால் காஷ் அந்த வரிசையில் இல்லாத, ஆற்றங்கரையோரத்துச் சின்னக் குடி. பிரையனின் அண்ணன் மஹோன்தான் முதலில் காஷெலைப் பிடித்தவர். லிமெரிக் நகரத்தில் குடியேறியிருந்த, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளை அண்ணனும் தம்பியும் சேர்ந்து முறியடித்தார்கள். 976-இல் மஹோன் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் அண்ணன் சாவுக்குப் பழிதீர்த்து பிரையன் மன்ஸ்டரின் அரசர் ஆனார்.

வடக்கே ஈ நீல் குலம் அயர்லாந்தின் பேரரசர் பட்டத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. 1002-இல் அந்தக் குலத்து அரசர் மால் செக்னல் போர் இல்லாமலே பிரையனுக்கு வழிவிட்டார். 1005-இல் பிரையன் ஆர்மா தேவாலயத்துக்குப் போய் பீடத்தில் தங்கம் காணிக்கை வைத்தார். அங்கே பாதுகாக்கப்பட்ட புனித ஏட்டில் அவருடைய குரு லத்தீனில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் பிரையனை 'ஐரிஷ் மக்களின் பேரரசர்' என்று குறித்தார். அந்த ஏடு இன்றும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. பரம்பரை உரிமை எதுவும் இல்லாத ஒரு குடியிலிருந்து வந்தவருக்கு அப்படி ஓர் எழுத்துச் சான்று எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி. டப்ளினுக்கு வெளியே குளோண்டார்ஃபில் நடந்த போரில் பிரையனின் படை வென்றது, பிரையன் மாண்டார். அவருடைய மகன் மர்க்கடும் இளவயதுப் பேரன் ஒருவனும் அதே நாளில் இறந்தார்கள். பின்னாளில் இந்தப் போரை ஐரிஷ்காரர்கள் வைக்கிங் ஆக்கிரமிப்பாளர்களை விரட்டிய போராக ஆக்கிவிட்டார்கள். பள்ளிப் பாடமும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னது. ஆனால் எதிரணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டப்ளினின் வைக்கிங் அரசர் சிட்ரிக், பிரையனுடைய மருமகன். சிட்ரிக்கின் தாய் கோர்ம்லா, பிரையனுக்கே ஒரு காலத்தில் மனைவியாக இருந்தவர். எதிரணியின் இன்னொரு தலைவரான லென்ஸ்டர் அரசர், அதே கோர்ம்லாவின் சகோதரர், அசல் ஐரிஷ்காரர். பிரையன் பக்கத்திலும் வைக்கிங் வீரர்கள் நின்று சண்டையிட்டார்கள். சம்பந்திகளுக்குள் நடந்த அதிகாரச் சண்டை என்று சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம்.

பிரையனுக்குப் பிறகு பேரரசர் பட்டம் மறுபடி மால் செக்னலிடமே போய்விட்டது. எஞ்சிய மகன்கள் டோனகும் டைகும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். 1023-இல் டைக் கொல்லப்பட்டார். டைகின் மகன் டர்லக் வளர்ந்து சித்தப்பாவை 1063-இல் பதவியிலிருந்து இறக்கினார். டோனக் ரோமாபுரிக்கு யாத்திரை போய் அங்கேயே இறந்தார்.

பெயர் பிறப்பது இங்கேதான். டர்லக் நிஜமாகவே பிரையனின் பேரன். 'உவா ப்ரீயன்' என்று அவரை அழைத்தபோது அது உறவுமுறையைச் சொன்ன சொல். அவர் 1086-இல் இறந்தார். அடுத்து அவருடைய மகன் மர்கர்டக் வந்தார். அவர் பிரையனுக்குக் கொள்ளுப்பேரன். ஆனாலும் ஆண்டுக்குறிப்புகள் அவரையும் 'உவா ப்ரீயன்' என்றே எழுதின. கொள்ளுப்பேரனையும் பேரன் என்று எழுதிய அந்தத் தலைமுறையில் உறவுமுறைச் சொல் குடும்பப் பெயராகிவிட்டது. மர்கர்டக் 1101-இல் காஷெல் பாறையையே திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தார். அது பக்தி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுளுக்குக் கொடுத்துவிட்டால், பழைய உரிமைக்காரர்களான யோகனாக்டா குலம் இனி ஒருநாளும் அதைத் திரும்பக் கேட்க முடியாது.

யார் உள்ளே, யார் வெளியே

சரி, குடும்பப் பெயருக்கு என்ன தேவை வந்தது? ஐரிஷ் வழக்கத்தில் மூத்த மகனுக்குத்தான் அரசு என்ற விதி இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த ஆண்கள் எல்லோருக்கும் போட்டியிட உரிமை உண்டு; அவர்களில் வல்லவர் பதவிக்கு வருவார். தலைமுறை ஏற ஏறப் போட்டியாளர் கூட்டம் பெருகும். அதனால் நாற்காலிக்கு அருகில் இருப்பவர்கள் யார் என்று அறிவிக்கும் பலகையாகப் பெயர் வேலை செய்தது. தொலைவில் போய்விட்ட கிளைகள் தங்களுக்கு அண்மையான வேறொரு மூதாதையைப் பிடித்துக்கொண்டு புதுப் பெயர் வைத்துக்கொண்டன.

மர்கர்டக்கின் மகன் ஒருவருக்கு மஹோன் என்று பெயர். அவர் வழியில் வந்தவர்கள் கிளேரின் மக்மஹோன் குடும்பத்தினர். ஆக, ரத்தத்தால் அவர்கள் ஓ'பிரையன்களே. பின்னாளில் பிரான்சில் குடியேறிய மக்மஹோன் குடும்பம் ஒன்று இந்தக் கிளையிலிருந்து வந்ததாகத் தன் மரபைச் சொல்லிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் பத்ரீஸ் தெ மக்மஹோன் 1873 முதல் 1879 வரை பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்தார். இன்னொரு பக்கம், பிரையனின் சகோதரர் வழியில் வந்தவர்கள் கென்னேடிக் என்ற குடும்ப முன்னோர் பெயரை எடுத்துக்கொண்டு 'ஓ கின்னேடி' ஆனார்கள். அமெரிக்கா வரை போன 'கென்னடி' என்ற பெயர் அதுதான்.

பிரையனின் குடும்பம் அயர்லாந்து முழுவதையும் ஆண்ட காலம் நீடிக்கவில்லை. 1118-இல் மன்ஸ்டரே இரண்டாகப் பிரிந்தது. ஓ'பிரையன்களுக்கு வடபாதி, அதாவது தோமண்ட் கிடைத்தது. 1171-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி வந்து இறங்கியபோது, அப்போதைய அரசர் டோனல் மோர் ஓ'பிரையன் அவருக்குப் பணிந்தார். மூன்றே ஆண்டுகளில் தர்லஸ் என்ற இடத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன் பிரபுக்களின் படையை முறியடித்தார். அப்புறம் தன் மகளை ஒரு நார்மன் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். பணிவது, அடிப்பது, பெண் கொடுப்பது என்ற இந்த மூன்றையும் ஓ'பிரையன்கள் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1318-இல் டிசர்ட் ஓ'டே போரில் நார்மன் தலைவர் ரிச்சர்ட் டி கிளேரைக் கொன்ற பிறகு, சுமார் இருநூறு ஆண்டுகள் தோமண்ட் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. கிளேர் மாவட்டத்துக்கு அந்த நார்மன் பெயர்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை, ஐரிஷில் பலகைப் பாலத்தைக் குறிக்கும் 'கிளார்' என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது அது.

இதே காலத்தில் டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் ஐரிஷ் பெயர்களுக்கு வேறு கதி. 1465-இல் ஒரு சட்டம் வந்தது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயரைப் போல உடுத்த வேண்டும், ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பெயர் என்பதற்கும் சட்டத்திலேயே வழிகாட்டினார்கள்: சட்டன், செஸ்டர், டிரிம் மாதிரி ஓர் ஊர், ஒயிட், பிளாக், பிரவுன் மாதிரி ஒரு நிறம், ஸ்மித், கார்பென்டர் மாதிரி ஒரு தொழில், குக், பட்லர் மாதிரி ஒரு பணி. தோமண்ட் அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் ஓ'பிரையன்களை இது தொடவில்லை. அவர்களுடைய முறை 1543-இல் வந்தது.

பட்டம் வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுத்தவர்

எட்டாம் ஹென்றி அயர்லாந்துக்கும் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டது 1541-இல். ஐரிஷ் தலைவர்களைப் போரிட்டு அடக்குவதற்குப் பதிலாக அவர் ஒரு பேரம் வைத்தார். நிலத்தை அரசரிடம் ஒப்படைக்க வேண்டும். அரசர் அதையே ஆங்கிலப் பட்டத்தோடு திருப்பிக் கொடுப்பார். 1543 ஜூலை 1 அன்று கிரீனிச் அரண்மனையில் முரோ ஓ'பிரையன், தோமண்ட் ஏர்ல் என்றும் இன்ச்சிக்வின் பாரன் என்றும் பட்டம் பெற்றார். இந்தப் பேரத்தின் நிபந்தனைகளில் ஒன்று, குடித்தலைவர் என்ற பொருளில் வழங்கிய 'ஓ'பிரையன்' என்ற பெயரையும் அதன் பேரிலான உரிமைகளையும் துறந்துவிட வேண்டும் என்பது.

இதை ஒரு சடங்கு என்று தள்ளிவிட முடியாது. ஐரிஷ் வழக்கத்தில் குடித்தலைவருக்கு முன்பெயரே வேண்டாம். மற்றவர்கள் டோனல் ஓ'பிரையன், கானர் ஓ'பிரையன். தலைவர் மட்டும் வெறும் ஓ'பிரையன். குடி அவரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பெயரைக் கூவிச் சூட்டும். பெயரைத் துறப்பது என்றால், என் அதிகாரம் குடியிடமிருந்து வந்ததில்லை, லண்டனிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்வது. நிலமும் அதோடு இடம் மாறியது. குடிக்குப் பொதுவாக இருந்தது ஏர்லின் சொத்தாகி மூத்த மகனுக்குப் போக ஆரம்பித்தது. மற்ற ஓ'பிரையன்கள் உறவினர் என்ற நிலையிலிருந்து குத்தகைக்காரர் என்ற நிலைக்கு இறங்கிய பாதை அங்கே தொடங்குகிறது.

அதன் பிறகு ஒவ்வொரு போரிலும் இந்தப் பெயர் இரண்டு பக்கமும் நின்றது. 1601-இல் கின்சேலில் ஐரிஷ் தலைவர்களின் கூட்டணி தோற்றபோது, நான்காம் தோமண்ட் ஏர்ல் டோனோ ஓ'பிரையன் எலிசபெத் அரசியின் படையில் இருந்தார். 1647-இல் காஷெல் பாறைத் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்று குவித்த படையின் தளபதி இன்ச்சிக்வின் பிரபு, இன்னொரு முரோ ஓ'பிரையன். ஐரிஷ் மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'தீ வைத்த முரோ'. பிரையனும் மஹோனும் வென்றெடுத்து மர்கர்டக் தானம் கொடுத்த அதே பாறையில் அவர்களுடைய வம்சத்தவர் இதைச் செய்தார். ஐரிஷ் வரலாற்றில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாத பக்கங்களில் அது ஒன்று.

இங்கிலாந்தின் குரோம்வெல் படை அயர்லாந்தைப் பிடித்த காலத்தில் ஒரு பெண் இந்தப் பெயரைக் காப்பாற்றினார். கிளேரில் லெமனே கோட்டையின் எசமானி மாய்ரே ருவா, அதாவது செந்தலை மேரி. பிறந்த வீடு மக்மஹோன், புகுந்த வீடு ஓ'பிரையன். கணவர் கானர் 1651-இல் குரோம்வெல் படையோடு மோதி இறந்தார். எதிர்த்தவர்களின் நிலமெல்லாம் பறிபோய்க்கொண்டிருந்தது. மாய்ரே ருவா 1653-இல் அதே குரோம்வெல் படையின் அதிகாரி ஒருவரை மணந்துகொண்டார். மகன் டோனோவுக்கு நிலம் மிஞ்சியது. அவனைப் புராட்டஸ்டன்ட்டாக வளர்த்தார்கள். அவன் பெரிய செல்வந்தனாகி, டிரோமோலண்டில் குடும்பத்தை நிலைநிறுத்தினான். மாய்ரே ருவாவைப் பற்றி எத்தனையோ பயங்கரக் கதைகளைக் கிளேரில் சொல்வார்கள். நான் பார்ப்பது, தாலியறுத்த துக்கத்துக்கும் நிலப் பறிப்புக்கும் நடுவே கணக்குப் போட்டு ஒரு குடும்பத்தை மீட்ட தாயை.

பிரெஞ்சுப் படையில், பிறகு வந்தவாசியில்

1691-இல் லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின் தோற்ற கத்தோலிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். அவர்களை 'காட்டு வாத்துகள்' என்று ஐரிஷ்காரர்கள் சொல்வார்கள். ஓ'பிரையன் குடும்பத்தின் கத்தோலிக்கக் கிளையான கிளேர் வைகவுண்ட்கள் பிரெஞ்சு அரசரின் படையில் தங்கள் பெயரில் ஒரு ரெஜிமென்ட்டே வைத்திருந்தார்கள். ஐந்தாம் வைகவுண்ட் 1706-இல் ராமிலி போரில் பட்ட காயத்தால் இறந்தார். ஆறாம் வைகவுண்ட் சார்லஸ் ஓ'பிரையன், 1745 மே 11-இல் ஃபோன்டெனாய் போரில் ஐரிஷ் பிரிகேடை நடத்திச் சென்று ஆங்கிலேயர்களைத் தோற்கடிக்க உதவினார். 1757-இல் பிரான்சின் மார்ஷல் ஆனார்.

அந்தக் களத்தில் அவர் பக்கத்தில் இன்னொரு ஐரிஷ் ரெஜிமென்ட் இருந்தது. அதன் தலைவர் நம் பாடப் புத்தகத்தில் வரும் பிரெஞ்சுத் தளபதி லாலி. அவருடைய பெயரும் ஐரிஷ் குடும்பப் பெயர்தான். கால்வே மாவட்டத்தின் டூவம் பக்கத்துக் குடும்பம். 'லாலி டோலெண்டால்' என்பதில் வரும் டோலெண்டால், அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊரான துல்லினடாலி பிரெஞ்சு வாயில் திரிந்தது. 1758-இல் புதுச்சேரி வந்திறங்கிய லாலி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். தஞ்சாவூர் மீது படையெடுத்துப் பலிக்காமல் திரும்பினார். சென்னையை முற்றுகையிட்டுப் பின்வாங்கினார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தோற்றார். அவரைத் தோற்கடித்த ஆங்கிலப் படைத் தளபதி ஐர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர், லிமெரிக் மாவட்டத்துக்காரர்; ஆனால் அங்கே குடியேறிய ஆங்கிலப் புராட்டஸ்டன்ட் குடும்பம். தன் நிலத்தையும் நாட்டையும் இழந்த ஐரிஷ் பெயர் ஒன்றும், அந்த மண்ணில் குடியேறி நிலைத்த பெயர் ஒன்றும் திருவண்ணாமலைச் சீமையில் வந்து மோதிக்கொண்டன. லாலியை 1766-இல் பாரிஸில் துரோகி என்று தலைவெட்டினார்கள்.

'ஓ' போனதும் திரும்பியதும்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் நிலம் வாங்க முடியாது, பதவிக்கு வர முடியாது. ஆவணம் எழுதுபவர் ஆங்கிலத்தில் எழுதுபவர். ஐரிஷ் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முன்னால் இருந்த 'ஓ'வும் 'மாக்'கும் உதிர்ந்தன. ஓ மர்ஹகா மர்ஃபி ஆனார், ஓ கெல்லக் கெல்லி ஆனார். ஏழை ஓ'பிரையன்களிலும் பலர் வெறும் பிரையன் ஆனார்கள். அடையாளம் தெரிந்தால் வேலை கிடைக்காது என்ற பயத்தில் தாங்களே வெட்டிக்கொண்டவர்களும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி இயக்கம் வலுப்பெற்றது. 1893-இல் கேலிக் லீக் தொடங்கிய பிறகு, இழந்த 'ஓ'வைத் திரும்ப வைத்துக்கொள்வது தேசியப் பெருமையானது. ஓ'சல்லிவன், ஓ'கானர் போன்றவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். மர்ஃபியும் கெல்லியும் பெரும்பாலும் திரும்பவில்லை. ஓ'பிரையன் அந்த அளவுக்கு 'ஓ'வை இழக்கவே இல்லை. இதற்கு என் ஊகம் இது: அதே பெயரில் பிரபுக்களும் பெரிய நிலக்கிழார்களும் இருந்ததால் அந்த 'ஓ' அவமானச் சின்னமாகவில்லை. 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்துப் பதிவுத்துறை அதிகாரி மேத்சன் தயாரித்த மதிப்பீட்டில் ஓ'பிரையன் நாட்டின் ஆறாவது பெரிய குடும்பப் பெயர். சுமார் 33,400 பேர். மர்ஃபி 62,600 பேரோடு முதலிடத்தில் இருந்தது.

பெரிய பஞ்சத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1841-இல் ஏறக்குறைய 2,86,000 ஆக இருந்த கிளேர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1851-இல் 2,12,000 ஆகச் சுருங்கியது. டிரோமோலண்டில் நிலக்கிழார் ஓ'பிரையன். சுற்றுவட்டாரத்தில் குத்தகைக்கு உழுது, வாடகை கட்ட முடியாமல் கப்பலேறியவர்களிலும் ஓ'பிரையன்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தாத்தாவைப் பெயரில் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள்.

டிரோமோலண்ட் வீட்டிலிருந்தே ஒருவர் நிலக்கிழாருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவே இருந்த அந்த எல்லையைத் தாண்டி வந்தார். வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், 1803-இல் பிறந்தவர், மாய்ரே ருவாவின் வழி வந்த பாரனெட்டின் மகன், நாடாளுமன்ற உறுப்பினர், புராட்டஸ்டன்ட். ஸ்மித் தாய்வழிச் சொத்தோடு வந்த பெயர். பஞ்சத்தில் லண்டன் அரசு நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து 'இளம் அயர்லாந்து' இயக்கத்தோடு சேர்ந்தார். 1848 ஜூலை 29 அன்று டிப்பரெரி மாவட்டம் பாலிங்காரியில் ஒரு விதவையின் பண்ணை வீட்டுக்குள் போலீஸார் புகுந்துகொள்ள, வெளியே பசியில் வாடிய விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் முற்றுகையிட, கலகம் சில மணி நேரத்தில் அடங்கியது. அதை 'முட்டைக்கோஸ் தோட்டத்துச் சண்டை' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எள்ளின.

அவருக்கு விதித்த தண்டனை தூக்கிலிட்டு உடலை நான்காக வெட்டுவது. மரணத்தை நாடுகடத்தலாகக் குறைக்க அரசு முன்வந்தபோது, ராஜத்துரோகத்துக்கு அப்படி ஒரு தண்டனை சட்டத்தில் இல்லை, ஒன்று தூக்கில் போடுங்கள் அல்லது விடுதலை செய்யுங்கள் என்று அவரும் தோழர்களும் வாதிட்டார்கள். அவர்களை அனுப்புவதற்காகவே 1849-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. டாஸ்மேனியா போனதும், தப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வசதியாக வாழலாம் என்றார்கள். முதலில் அதையும் மறுத்து மரியா தீவில் தனிக்காவலில் இருந்தார். 1854-இல் நிபந்தனையோடும் 1856-இல் முழுமையாகவும் மன்னிப்பு வந்தது. 1864-இல் வேல்ஸில் இறந்தார். டப்ளின் ஓ'கானல் தெருவில் அவருடைய சிலை நிற்கிறது. பட்டத்துக்காகப் பெயரைத் துறந்த 1543-இன் முரோவுக்கு, அதே குடும்பத்திலிருந்து முந்நூறு ஆண்டு கழித்து வந்த பதிலாகவே நான் இவரைப் பார்க்கிறேன்.

இன்று தேடுபவர்களுக்கு

அயர்லாந்தில் எந்தப் பரிசுக் கடைக்குப் போனாலும் ஓ'பிரையன் குடும்பச் சின்னம் கிடைக்கும்: ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிங்கங்கள். வாங்கி மாட்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சின்னம் குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் மட்டுமே வழங்கப்படுவது. டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் 'பிரையன் போரு யாழ்' விஷயமும் இப்படித்தான். அயர்லாந்து அரசின் முத்திரைக்கும் கின்னஸ் பீரின் வணிகச் சின்னத்துக்கும் அதுதான் மாதிரி. ஆனால் அதைச் செய்தது பிரையன் இறந்து நானூறு ஆண்டுகளுக்குப் பக்கமாக.

எல்லா ஓ'பிரையன்களும் பிரையனின் ரத்தமா? இல்லை. குத்தகைக்காரர்களும் சார்ந்து வாழ்ந்தவர்களும் தலைவனின் பெயரை எடுத்துக்கொண்டது உண்டு. ஒலியில் நெருங்கிய சிறிய பெயர்கள் பெரிய பெயருக்குள் கரைந்ததும் உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை வைத்து இப்போது இதை ஓரளவு சோதிக்க முடிகிறது. எல்-226 என்ற மரபணுக் குறியை தால் காஷ் குடிகளோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். கிளேர், லிமெரிக், டிப்பரெரி பக்கத்துப் பழைய குடும்பப் பெயர்களில் அது அடர்த்தியாகத் தென்படுகிறது. அந்தக் குறி இல்லாத ஓ'பிரையன்களும் நிறைய.

காகித ஆவணங்களை நம்பி இறங்குபவர்களுக்குப் பெரிய தடை 1922. உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. அடுத்து வந்த நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. முழுதாக மிஞ்சியவை 1901, 1911 ஏடுகள். இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கத்தோலிக்கர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு 1864-இலிருந்து அரசுப் பதிவில் உண்டு. அதற்கு முன்னால் போக வேண்டும் என்றால் கோயில் பங்குப் பதிவேடுகளும், 1847-க்கும் 1864-க்கும் இடையில் நிலத்துக்கு வரி போட எடுத்த கிரிஃபித் மதிப்பீடும்தான் துணை. இவற்றில் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பங்கில் ஐந்தாறு ஜான் ஓ'பிரையன்கள் வந்து நிற்பார்கள். குடும்பம் எந்தக் குக்கிராமத்திலிருந்து கிளம்பியது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது பெரும்பாலும் கப்பலேறிப் போன நாட்டில்தான் கிடைக்கும்: கல்லறைக் கல்லில், திருமணச் சான்றில், ராணுவச் சேவைத் தாளில்.